மலையகத்து இலை, பால், தானியத்திலிருந்து செயற்பாட்டு உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொகவந்தலாவைப் பக்கத்தில் பழைய பிள்ளைக்காம்பரா (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையம்) ஒன்றைத் திருத்தி, நாங்கள் ஏழு பெண்கள் இலைப்பொடி, முளைகட்டிய குரக்கன் மா, தயிர் என்று செய்து விற்கிறோம். பேராதனையில் உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவள் நான். மற்ற ஆறு பேரில் சிலர் இன்றும் காலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விட்டுப் பின்நேரம் இங்கே வருகிறார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களும் போனில் கூப்பிடுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

செயற்பாட்டு உணவு என்கிறார்கள், நியூட்ராசூட்டிகல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

அக்கா தங்கை மாதிரி. பசி தீர்ப்பதற்கும் வழக்கமான சத்துக்கும் மேலாக, உடம்பின் ஏதாவது ஒரு வேலைக்குத் துணை செய்கிறது என்று ஆதாரத்தோடு காட்டக்கூடிய உணவைச் செயற்பாட்டு உணவு என்கிறார்கள். இந்தப் பேச்சு 1980களில் ஜப்பானில் எழுந்தது. 1991இல் அந்த நாடு இத்தகைய உணவுக்கென்று தனி அனுமதி முறையே கொண்டுவந்தது. நியூட்ராசூட்டிகல் என்ற சொல் 1989இல் பிறந்தது. ஸ்டீபன் டிஃபெலிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஊட்டம், மருந்து என்ற பொருள் தரும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி அதை உண்டாக்கினார். இன்று பெரும்பாலும் உணவிலிருந்து பிரித்துச் செறிவாக்கி, குளிசையாகவோ சாறாகவோ தருவதை அப்படிச் சொல்கிறார்கள்.

பயிற்சியில் நான் இதைச் சுருக்கமாகச் சொல்வேன். கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது முதலாவது, எண்ணி விழுங்குவது இரண்டாவது. எங்கள் கூடம் கரண்டிப் பக்கம் நிற்கிறது. ஏன் என்பது கீழே வரும்.

இதெல்லாம் கொழும்புக்காரருக்கும் டூரிஸ்ட்காரருக்கும்தானே அக்கா? எங்களுக்கு எதற்கு?

2016இல் எடுத்த குடிசன, சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதமளவு. தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 32 வீதம். நூறு பிள்ளைகளில் முப்பத்திரண்டு பேர். அந்தப் பிள்ளைகளின் அம்மாமார் கூடையோடு மலையேறுகிறவர்கள். கிளினிக்கில் இரத்தம் குறைவு என்று எழுதி அனுப்பப்படுகிறவர்கள்.

நாட்டில் இந்த உணவு யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால் நான் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைத்தான் காட்டுவேன். டூரிஸ்ட்காரருக்கும் விற்கலாம், விற்கிறோம். ஆனால் ஒரு பொருளைத் திட்டமிடும்போது எங்கள் மேசையில் முதலில் வைக்கும் கேள்வி, பத்து மணிக்கு மலையில் ரொட்டி சாப்பிடுகிற அம்மாவுக்கு இது உதவுமா என்பதுதான்.

எந்த மூலிகையில் தொடங்கினால் நல்லது?

மூலிகையில் தொடங்காதீர்கள். குறையில் தொடங்குங்கள். எங்கள் ஆட்களுக்கு எது போதவில்லை? இரும்பு, கல்சியம், புரதம். இவற்றை எந்த இலை, எந்தத் தானியம், எந்தப் பால், எந்த மீன் தரும் என்று பார்த்துவிட்டு மூலப்பொருளுக்கு வாருங்கள். "இந்த வேர் அபூர்வமானது, இதை வைத்து என்ன செய்யலாம்" என்று தொடங்கியவர்கள் பலர் அழகான போத்தலோடும் விற்காத சரக்கோடும் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் அடுப்படியில் இருக்கும் வல்லாரைச் சம்பலை ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பச்சை இலையில் இரும்பும் கரோட்டினும் இருக்கின்றன. கரோட்டின் எண்ணெய்த்தன்மையோடு சேர்ந்தால்தான் குடலில் ஏறும். அதற்குத் தேங்காய்ப்பூ இருக்கிறது. இலையில் இருக்கும் இரும்பு இலேசில் உடம்பில் சேராது. விற்றமின் சி கூட இருந்தால் சேரும், அதற்குத் தேசிக்காய்ப் புளி. மாசித்தூள் போட்டால் மீன் சதையும் அந்த இரும்பைச் சேர்க்க உதவுகிறது. இலையை வேக வைக்காமல், அரிந்த உடனே பிசைவதால் விற்றமின் சியும் அதிகம் அழிவதில்லை. யாரோ ஒரு பாட்டி ருசிக்காகச் சேர்த்தவை ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கின்றன. நான் பல்கலைக்கழகத்தில் படித்த எந்தச் செய்முறையும் இதைவிடச் சிறப்பாக அமைக்கப்படவில்லை. புதிய பொருள் ஒன்றை உருவாக்குகிறீர்கள் என்றால் முதலில் இப்படி ஒரு பழைய பண்டத்தைப் பிரித்துப் பாருங்கள்.

தேத்தண்ணி உடம்புக்கு நல்லது என்கிறார்கள். கிளினிக்கில் குறைக்கச் சொல்கிறார்கள். எது உண்மை?

இரண்டும் உண்மை. பிரச்சினை நேரத்தில் இருக்கிறது.

தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் என்ற தாவரப் பொருட்கள்தான் அதன் நன்மைக்கும் காரணம். அதே பொலிபீனோல்கள் இலை, தானியம், பருப்பிலிருந்து வரும் இரும்பை வயிற்றிலேயே பிடித்துக் கட்டிவிடுகின்றன. சாப்பாட்டோடு பிளேன்டீ குடித்தால் அந்த வேளையில் உடம்பில் சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகிவிடலாம். ரொட்டியைக் கடித்து ஒரு வாய் தேத்தண்ணி, மறுபடி ரொட்டி, மறுபடி தேத்தண்ணி. மலையில் எங்கள் அம்மா சாப்பிட்ட முறை அது. நேரம் இல்லை, தொண்டை காய்ந்திருக்கும், வேறு வழி இல்லை.

சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்த இழப்பு பெருமளவு குறைகிறது. ரொட்டியோடு குடிக்க வெந்நீர், ஒரு துண்டு தேசிக்காய், கிடைத்தால் ஒரு கொய்யாப்பழம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் அளவு விற்றமின் சி இருக்கிறது. தோடம்பழத்தைவிட மூன்று நான்கு மடங்கு. லயத்துக் கோடிகளில் சும்மா விழுந்து கிடக்கும் பழம் அது. எங்கள் இலைப்பொடிப் பக்கற்றின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் "சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலம் பொறுங்கள்" என்று அச்சடித்திருக்கிறோம். பொடியைவிட அந்த வரி அதிகம் வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

பச்சைத் தேயிலைச் சாற்றைக் கெப்சூலாக்கி விற்கலாமா?

வேண்டாம். கோப்பையில் குடிக்கிற தேயிலை வேறு, சாற்றைச் செறிவாக்கிக் கெப்சூலில் அடைப்பது வேறு. பச்சைத் தேயிலையின் முக்கியமான பொலிபீனோல், ஈ.ஜி.சி.ஜி. எனப்படுவது, நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ துணையுணவாக எடுக்கப்பட்டபோது ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்தன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் எச்சரித்தது. இலை அதே இலைதான். அளவும் செறிவும் மாறியபோது அது வேறு பொருளாகிவிட்டது. நான் கரண்டிப் பக்கம் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

தேயிலையையே வைத்து நல்ல பானம் செய்ய விரும்புகிறவர்கள் தலவாக்கலைக்குப் போய்க் கேளுங்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் நம் வாசலிலேயே இருக்கிறது.

வல்லாரை எங்கள் மலையில் கானெல்லாம் கிடக்கிறது. பறித்துப் பொடி செய்தால் காசுதானே?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும். கானில், அதாவது தண்ணீர் ஓடும் வாய்க்காலில், கிடக்கும் வல்லாரையைத் தயவுசெய்து பறிக்காதீர்கள்.

தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மருந்து ஓடி வந்து சேரும் இடம் கான். லயத்துக்குப் பக்கத்துக் கான் என்றால் குளிக்கிற தண்ணீர், மாட்டுக்கொட்டில் தண்ணீர், மலசலகூடத்துக் கசிவு எல்லாம் அதில்தான். வல்லாரை நிலத்தை ஒட்டிப் படரும், தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், ஈரத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சும். பாரமான உலோகங்களையும் அது இழுத்துக்கொள்ளும். பொடியாக்கும்போது பத்துக் கிலோ இலை ஒன்றேகால் கிலோவாக வற்றுகிறது. அதாவது இலையில் இருக்கும் நஞ்சும் எட்டு மடங்கு செறிவாகிறது.

நாங்கள் மேட்டுப் பாத்தியில், சாணி உரத்தில், ஊற்றுத் தண்ணீர் விட்டு நட்ட இலையை மட்டும் எடுக்கிறோம். வெளியிலிருந்து வாங்கினால் பாத்தியைப் போய்ப் பார்க்காமல் வாங்குவதில்லை. விலை கூடத்தான். அதற்குக் குறைந்த விலையில் செய்ய வேண்டுமென்றால் செய்யாமல் இருப்பது நல்லது.

ஹட்டன் பக்கம் ஆறு மாதம் மழையும் மூட்டமும். எப்படிக் காய வைப்பது?

வெயிலை நம்பவே வேண்டாம். வெயில் இருந்தாலும் பச்சை இலையை நேர் வெயிலில் காய வைத்தால் நிறமும் கரோட்டினும் போய்விடும். மூட்ட நாளில் கூரைக்குக் கீழே பரப்பி வைத்தால் மூன்றாம் நாள் பூஞ்சணம்.

நம்மில் பலருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுவது தெரியும். பெரிய தொட்டியில் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்றை ஊதுவார்கள். ஈரத்தை எடுத்துப் போவது காற்று, சூடு அதற்குத் துணை. இலைக்கும் அதே பாடம். எங்கள் உலர்த்தி ஓர் அலுமாரி மாதிரி. பத்துத் தட்டு, அடியில் ஹீட்டர், பின்னால் விசிறி. 50 முதல் 55 பாகையில் ஓடவிடுகிறோம். அதற்கு மேல் சூடேற்றினால் சீக்கிரம் காயும், ஆனால் பச்சை மங்கி வைக்கோல் மணம் வரும்.

இலையை மூன்று தண்ணீரில் அலசுகிறோம். மூன்றாவது தண்ணீரில் மண் தெரிந்தால் நான்காவது. பிறகு ஆவியில் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த தண்ணீர், வடித்துத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புவது. ஆவி காட்டுவதால் இலையைக் கறுக்க வைக்கும் நொதிகள் அடங்கும், கிருமியும் குறையும், விற்றமின் சி கொஞ்சம் போகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டுதான் செய்கிறோம். கையில் எடுத்து நசுக்கினால் பப்படம் மாதிரிச் சத்தத்தோடு உடைய வேண்டும். தண்டு வளைந்தால் இன்னும் இரண்டு மணித்தியாலம். ஈரம் 7 வீதத்துக்குக் கீழே வந்ததை மானியில் பார்த்த பிறகே அரைப்போம். அரைத்த அன்றே வெளிச்சம் புகாத அலுமினியப் பையில் அடைத்துவிட வேண்டும். ஹட்டன் காற்றில் ஓர் இரவு திறந்து கிடந்த பொடி காலையில் கட்டியாகிவிடும்.

குரக்கனை ஏன் முளைகட்ட வேண்டும்? அப்படியே அரைத்தால் என்ன?

அரைக்கலாம், ஆனால் பாதிப் பலன். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தானியங்களில் அது பெரிய அளவு. கூடவே பைட்டேற் என்ற ஒன்றும் இருக்கிறது. அது கல்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைவிடும்போது விதை தன் தேவைக்காக அந்தப் பூட்டைத் திறக்கிறது. நாம் அந்த நேரம் பார்த்து எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொரு பயன் சிறு பிள்ளைகளுக்கு. முளைகட்டிய மாவில் மாப்பொருளை உடைக்கும் நொதி உண்டு. அதனால் கஞ்சி இறுகாது. சாதாரணக் குரக்கன் மாவில் கஞ்சி காய்ச்சினால் கொஞ்ச மாவிலேயே களியாகிவிடும், தண்ணீரை ஊற்றி ஊற்றி இளக்குவோம், பிள்ளையின் சின்ன வயிறு தண்ணீரால் நிறைந்துவிடும். முளைகட்டிய மாவில் அதே கோப்பைக்குள் அதிக மா போகும். சத்தும் அந்த அளவு கூடும்.

குரக்கன் நம் உயரத்தில் விளைவதில்லை, மொனராகலைப் பக்கத்திலிருந்து வருகிறது. ஓர் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டுகிறோம். கீழ்நாட்டில் ஒன்றரை நாளில் முளைக்கும் குரக்கன் எங்கள் குளிரில் மூன்று நாளாகியும் கண் திறக்காமல் கிடந்தது, புளித்த வாடையும் வந்தது. அந்த மூட்டையைக் கொட்டிவிட்டோம். இப்போது அடுப்படிச் சுவரோடு சூடு வெளியேறாத ஒரு ரிஜிபோம் பெட்டியில் வைக்கிறோம், ஆறு மணிக்கொரு தரம் அலசுகிறோம். வெள்ளை முளை நுளம்புக் கால் அளவு நீண்டதும் எடுத்துக் காய வைத்து, மிதமாக வறுத்து அரைக்கிறோம்.

பாலில் என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் இரண்டு பசு நிற்கிறது.

தயிரும் யோகட்டும் செய்யுங்கள். குளிர் ஊரில் பால் நன்றாகக் கிடைக்கும். நுவரெலியா மாவட்டம் பாலுக்குப் பேர்போனது.

பாலை 85 பாகையில் அரை மணித்தியாலம் வைத்து, 43 பாகைக்கு இறக்கி, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உறை சேர்த்து, அதே சூட்டில் நான்கு முதல் ஆறு மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும். புளிப்பு, பீ.எச். 4.6க்கு வந்ததும் குளிரூட்டி. உறைக்கு இரண்டு கிருமிகள் சேர்ந்து வேலை செய்கின்றன. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கு உயிர்க்கிருமி உள்ள யோகட் எளிதில் செரிக்கும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அதற்கு மேல் "நோய் எதிர்ப்புச் சக்தி", "மூளைக்கு நல்லது" என்று ஏறிப் போகாதீர்கள். புரோபயோட்டிக் (நலம் தரும் உயிர்க்கிருமி) என்று எழுத வேண்டுமானால் எந்தக் கிருமி, உண்ணும் நாளில் எத்தனை கோடி உயிரோடு இருக்கிறது என்று காட்டத் தெரிய வேண்டும். வீட்டு உறையில் அதைக் காட்ட முடியாது.

ஒரு நாள் மூன்று வீட்டுப் பாலைச் சேர்த்து உறை ஊற்றினோம். எட்டு மணித்தியாலமாகியும் பால் பாலாகவே கிடந்தது. உறையில் பிழை என்று நினைத்து மறுபடி ஊற்றினோம். அதுவும் அப்படியே. பிறகுதான் தெரிந்தது, ஒரு வீட்டுப் பசுவுக்கு மடிவீக்கத்துக்கு இரண்டு நாளுக்கு முன் ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி மருந்து பாலில் வந்து நம் உறைக்கிருமியையும் கொன்றிருக்கிறது. காய்ச்சினாலும் அந்த மருந்து பெரும்பாலும் போகாது. அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் ஒரு சிறு கோப்பை தனியாக எடுத்து உறை ஊற்றி வைக்கிறோம். எது உறையவில்லையோ அந்த வீட்டுக்குப் போய், வைத்தியர் சொன்ன நாள்வரை பாலைத் தள்ளி வையுங்கள் என்று சொல்கிறோம். அந்த நாட்களின் வருமானம் அவர்களுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கூட்டாகச் செய்யும் குழுவில் அதற்கென்று ஒரு சிறு நிதி வையுங்கள்.

முட்டைக்கோதில் கல்சியம் என்கிறார்களே?

உண்மை. கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். 1 கிராம் தூளில் 350 முதல் 400 மில்லிகிராம் கல்சியம் கிடைக்கும். கோதைக் கழுவி, உள்தோலை நீக்கி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, காய வைத்து, மிக நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். கொதிக்க வைக்காமல் செய்தால் சல்மொனெல்லா என்ற நோய்க்கிருமி வரலாம். கரகரப்பு இருந்தால் தொண்டையைக் கீறும். வீட்டில் ரொட்டி மாவில் கலக்கச் செய்வது வேறு. விற்பனைக்கு என்றால் ஈயம் இருக்கிறதா என்று ஆய்வுகூடத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

நெத்தலித் தூள் எனக்கு இன்னும் பிடித்தது. முள்ளோடு அரைபடுவதால் கல்சியமும் புரதமும் சேர்ந்தே வரும். கருவாட்டு உப்பை ஊறவைத்துக் கழித்துவிட்டு வறுத்து அரையுங்கள். லேபலில் மீன் இருக்கிறது என்று தெளிவாக எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

தேன்?

நல்லது, ஆனால் ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு சொட்டும் கூடாது. தேனில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் தாங்கும், பச்சைப்பிள்ளையின் குடல் தாங்காது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவும் வழக்கம் எங்கள் லயங்களில் இன்னும் இருக்கிறது. பாட்டிமாரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

கறுவாவைச் சேர்த்தால் இரத்தத்தில் சீனி குறையுமா?

ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஆகவே நான் அப்படி எழுத மாட்டேன். ஆனால் கறுவாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேறொன்று இருக்கிறது. கசியா என்ற பிறநாட்டுப் பட்டையில் கூமரின் என்ற பொருள் நிறைய உண்டு; நாள்தோறும் அதிகம் எடுத்தால் ஈரலுக்கு ஆகாது. நம் இலங்கைக் கறுவாவில் அது மிகக் குறைவு. தினமும் சாப்பிடும் ஒரு பொருளில் கறுவா போடுகிறீர்கள் என்றால் இது பெரிய விடயம். "சிலோன் சினமன்" என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீடும் கொடுத்தது. அடையாளம் எளிது. நம் கறுவா கடதாசி மாதிரி மெல்லிய பல அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும். கசியா தடித்த ஒற்றைச் சுருள்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். கொத்தல ஹிம்புட்டுக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடிக்கிறார். இதையே பானமாக்கி விற்கலாமா?

கொத்தல ஹிம்புட்டு என்ற காட்டுக்கொடியின் மரத்தில் கடைந்த அந்தக் கோப்பை சும்மா நம்பிக்கை இல்லை. 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் ஆய்வாளர்கள் அந்தக் கொடியிலிருந்து சலசினோல், கொத்தலனோல் என்ற பொருட்களைப் பிரித்துக் காட்டினார்கள். மாப்பொருளைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியை அவை தடுக்கின்றன. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சில குளிசைகளும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன.

வேலை செய்கிறது என்பதுதான் கவலை. அப்பா ஏற்கெனவே குளிசை போடுகிறார் என்றால் இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். குடிப்பதைக் கிளினிக் டொக்டரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். விற்பனைக்கு என்றால், இது எங்களைப் போன்ற சிறு கூடத்துக்கு உரியது இல்லை. மருந்துப் பக்கம் போய்விடுகிறது. அதோடு, மெதுவாக வளரும் காட்டுக்கொடி அது, வேரைத் தோண்டினால் கொடி செத்துவிடும். காட்டிலிருந்து எடுத்து வியாபாரம் செய்யாதீர்கள்.

பக்கற்றில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது?

பெயர், நிறை, சேர்மானங்கள் அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் முகவரி, வைக்கும் முறை. தமிழில் கட்டாயம் எழுதுங்கள். நம் ஆட்கள் வாங்கும் பொருளை நம் ஆட்கள் வாசிக்க வேண்டும்.

கூற்றுகளில் மூன்று படி உண்டு. "நார்ச்சத்து நிறைந்தது" என்பது சத்துக் கூற்று. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வழிகாட்டலின்படி 100 கிராமில் குறைந்தது 6 கிராம் நார் இருந்தால் அப்படிச் சொல்லலாம். "கல்சியம் எலும்புக்குத் தேவை" என்பது உடல்நலக் கூற்று. "மூட்டுவாதத்தைக் குணமாக்கும்" என்பது நோய்க் கூற்று. மூன்றாவது படியில் கால் வைக்காதீர்கள். உணவு லேபலில் அதற்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் வார்த்தையை நம்பி ஓர் அம்மா குளிசையை நிறுத்திவிடக்கூடும்.

சீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லிச்சாறு செய்கிறவர்கள் பலர் புளிப்பை அடக்கச் சீனியைக் கொட்டுகிறார்கள். 2016இலிருந்து நம் நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பு வட்டம் போட்ட போத்தலை நலத்துக்கான பானம் என்று எப்படி நீட்டுவது?

யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்?

பொருள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உணவு என்றால் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு, பிறகு உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரைக் கண்டு பயப்படாதீர்கள். கூடம் கட்டுவதற்கு முன்பே கூப்பிட்டுக் காட்டினால் பிறகு இடித்துக் கட்டும் செலவு மிச்சம். ஆயுர்வேத மருந்து என்றால் ஆயுர்வேதத் திணைக்களம். கெப்சூல், குளிசை என்று மருந்தோடு உரசும் பொருள் என்றால் 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை வரை போக வேண்டும். எண்ணி விழுங்குவது என்று மேலே சொன்ன கோடு இங்கேதான் உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

சத்து இருக்கிறதா, எத்தனை நாள் கெடாது என்று எங்கே பார்ப்பது?

கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்தின் உணவு ஆராய்ச்சிப் பிரிவு, பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடம், கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம். எல்லாச் சோதனையையும் ஒரே நாளில் செய்யக் கேட்காதீர்கள், காசு கரைந்துவிடும். முதலில் ஈரம், கிருமி எண்ணிக்கை, பூஞ்சணம். இலை என்றால் உலோகமும் மருந்து எச்சமும். இவற்றில் தேறிய பிறகுதான் சத்து அளவு.

கெடும் காலத்துக்கு நீங்களே ஒன்று செய்யலாம். ஒவ்வொரு தொகுதியிலும் பன்னிரண்டு பக்கற்றை அலுமாரியில் வைத்து மாதம் ஒன்றைத் திறந்து நிறம், மணம், ருசி எழுதுங்கள். எங்கள் வல்லாரைப் பொடி ஏழாம் மாதம் மணம் குன்றியது. ஆகவே ஆறு மாதம் என்று அச்சடிக்கிறோம்.

பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்களே?

நாங்களும் அடிவாங்கினோம். முதல் முறை செய்த வல்லாரை பிஸ்கட்டை ஒரு பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனோம். ஒரு மகள் ஒரு கடி கடித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், மெதுவாகக் கையில் துப்பி என்னிடமே திருப்பித் தந்தாள். அதில் பத்துக்கு ஒன்று என்று பொடி போட்டிருந்தோம். சத்து கூட வேண்டும் என்ற ஆசை. இப்போது நூற்றுக்கு மூன்றுதான், கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து. அளவு குறைவு, ஆனால் வயிற்றுக்குள் போகிறது. சாப்பிடாத பொருளில் சத்து எவ்வளவு இருந்து என்ன?

கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை நிறுத்திவிட்டு எங்கள் மாவைக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அதற்குப் பிறகும் புதிதாக எதைக் கொடுத்தாலும் மிட்வைஃப் அம்மாவிடம் ஒரு வார்த்தை.

உங்கள் கூடத்தை வந்து பார்க்கலாமா?

தாராளமாக. இலை உலர்த்தும் நாளில் வந்தால் பார்க்க அதிகம் இருக்கும், வேலையிலும் ஒரு கை கொடுக்கலாம். நகம் வெட்டி, வளையல் கழற்றி, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் இடத்து இலையில் ஒரு பிடியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு வாருங்கள். அதைப் பறித்த இடத்துக்கு மேலே எது இருக்கிறது, அங்கே கடைசியாக எப்போது மருந்தடித்தார்கள் என்று மலையில் கேட்டுக்கொண்டு வாருங்கள்.